தவிடு தூவிய புல்தரை

என் வீட்டுக்காரர் வேல்ராஜுக்குக் கடல் மணலைக் கண்டாலே ஆகாது. எங்கள் கிளப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ரோடும் கொஞ்சம் பனைமரங்களும்தான். காற்று ஓங்கி அடித்தால் மணல் பறந்து வந்து டென்னிஸ் புல்தரையில் படியும். உடனே விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். உப்பு மண் பட்டால் புல் கருகிவிடுமாம். போர்த் தண்ணீரும் உப்பு என்பதால் அதையும் விடமாட்டார். லாரியில் வந்து தொட்டியில் நிரம்பும் நல்ல தண்ணீர்தான் அவருடைய புல்லுக்கு. நான் துணி துவைப்பது உப்புத் தண்ணீரில், புல் குடிப்பது நல்ல தண்ணீர். இதை நான் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது. அவரும் காதில் போட்டுக்கொண்ட நாள் கிடையாது.

மண்டபம் போகிற வழியில் இருக்கிறது கிளப். ரெண்டு புல்தரைகள். வெட்டுவது, உருளை இழுப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது, வலை கட்டுவது எல்லாம் அவர். களை பிடுங்குவது, கூட்டுவது, தண்ணீர் பாய்ச்சுவது நான். பின்னால் தங்குவதற்கு ஒரு வீடும் கொடுத்திருக்கிறார்கள். வேலை போனால் வீடும் போகும்.

இந்த முறை போட்டிக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கும்போது புல் மஞ்சளடிக்க ஆரம்பித்தது. பிடித்து இழுத்தால் பாயைச் சுருட்டினதுபோல் கையோடு வந்தது. கீழே பார்த்தால் கொழுகொழுவென்று வெள்ளைப் புழு, வேரையெல்லாம் தின்று தீர்த்திருந்தது. செயலாளர் சார் பார்த்துவிட்டு, "என்னப்பா வேல்ராஜ், இதுல மேட்ச் ஆடுறதா, மாடு மேய்க்கிறதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு இவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் இராமநாதபுரம் போய்க் குருணை மருந்து வாங்கிக்கொண்டு வந்தார். மணிமணியாக இருக்கும், மோந்தாலே தலை சுற்றும் விஷம்.

இங்கேதான் அந்த மனிதரின் புத்தி வேலை செய்தது. திருவாடானைப் பக்கம் எங்கள் ஊரில் நெல் வயலுக்குக் குருணை போட்டால் மணலில் கலந்துதான் வீசுவார்கள். மருந்து கொஞ்சமாக இருக்கும், வயல் பெரிதாக இருக்கும், கை நிறைய அள்ளி வீச ஏதாவது வேண்டுமே. ஆனால் இங்கே மணல் என்றால் கடல் மணல். அதைப் புல்லில் போட இவருக்கு மனசு வருமா? மாட்டுக்காரரிடம் போய்த் தவிடு வாங்கி வந்து, தவிட்டில் மருந்தைக் கலந்து, இரண்டு தரையிலும் தூவிவிட்டார். நான் வலையை மடித்து வைத்துவிட்டு வருவதற்குள் முடித்துவிட்டார்.

"ஏங்க, தவிடா? கோழி குஞ்செல்லாம் வந்து கொத்தாது?"

"இப்பத் தண்ணி திறந்துட்டா அரை மணி நேரத்துல மண்ணுக்குள்ள போயிரும். பொழுதும் அடையப் போவுது. எந்தக் கோழி வரும்?" என்று சொல்லிக்கொண்டே மோட்டார் சுவிட்சைப் போட்டார்.

மோட்டார் ஒரு உறுமு உறுமிவிட்டு நின்றது. ரோட்டோரத்து டிரான்ஸ்பார்மரில் டப்பென்று ஒரு வெடி. தெருவே இருண்டுவிட்டது. இருவரும் தொட்டியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினோம். அவ்வளவு பெரிய தரைக்கு அது நாக்கு நனையக்கூடக் காணாது.

விடியற்காலையில் முதலில் போய்ப் பார்த்தவர் அவர்தான். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"நாகு, மயிலுடி" என்றார்.

வலைக் கம்பத்துக்கு அந்தப்பக்கம், சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே தோகை விரிய விழுந்து கிடந்தது. கிளப்பில் எல்லோருக்கும் பழக்கமான மயில் அது. சாயங்காலம் விளையாட வருகிற டாக்டரம்மா அதைப் படம் எடுக்காமல் மட்டையைத் தொடமாட்டார். அலகில் தவிடு ஒட்டியிருந்தது.

"மயிலைக் கொன்னா ஜாமீனே கிடையாதாம். பேப்பர்ல போட்டிருந்தான்" என்றார். "அதுவும் இப்ப, போட்டி நேரத்துல. செயலாளர் சாரே பிடிச்சுக் குடுத்துருவாரு."

"முருகன் வாகனத்தையாய்யா கொன்னுட்டு நிக்கிற!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"கத்தாதடி! வாயைத் திறந்தன்னா ரெண்டு பேரும்தான் உள்ள போவணும்."

சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், வெட்டின புல்லைக் கொட்டுகிற குழியில் போட்டு, மேலே புல்லை அள்ளிப் போட்டு மூடிவிட்டார். மருந்துப் பையை எரித்துவிடச் சொன்னேன். சரி சரி என்றார். பிறகு இருவரும் விளக்குமாற்றோடு தரையில் உட்கார்ந்து தவிட்டைக் கூட்ட ஆரம்பித்தோம். கூட்ட வருமா அது? புல்லுக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது. கரண்ட்டும் வருகிற வழியாயில்லை. மதில் மேல் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தால்கூட எனக்குப் பக்கென்றது.

வெயில் ஏறினபின், கூட்டின தவிட்டைக் கொட்டலாம் என்று குழிக்குப் போனேன். சாக்கு மட்டும் கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

முதலில் நாய் என்றுதான் நினைத்தேன். குழிக்குப் பின்னால் கருவேலம் புதரில் எட்டிப் பார்த்தபோது தோகையைக் கத்தையாகக் கட்டி ஒளித்து வைத்திருந்தது தெரிந்தது. பக்கத்தில் ரெண்டு காலும் மூட்டோடு வெட்டிக் கிடந்தன. சுத்தமான வெட்டு.

ஓடிப்போய் அவரிடம் சொன்னேன்.

"நாய்தான் இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஏய்யா, நாய் அரிவாள் வச்சிருக்குமா? நாய் தோகையைக் கயிறு போட்டுக் கட்டுமா? எவனோ கறிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கான். தின்னா என்னாகும்?"

அவர் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். அப்புறம், "நமக்குத் தெரியாது. நாம பாக்கல. அவ்வளவுதான்" என்றார். எனக்கு அவரை அந்த விளக்குமாற்றாலேயே சாத்தலாம்போல் இருந்தது. ஆனால் எனக்கும் அதே பயம்தான். இந்த வயதில் இவர் ஜெயிலுக்குப் போனால் நான் சாமான்களைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் நிற்பேன்?

எடுத்தது யார் என்று யோசிக்கப் பெரிய மூளை வேண்டாம். காலையில் எங்களைத் தவிர கிளப்பில் இருந்தவர் காவல்காரர் இன்னாசி அண்ணன் மட்டும்தான். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர், முதுகு போனபிறகு இங்கே காவலுக்கு வந்தார். அவர் பெண்டாட்டி யாகப்பம்மாள் மதினிக்கு மூட்டுவலி. மயில் கொழுப்பை உருக்கித் தேய்த்தால் மூட்டுவலி போகும் என்று ஊரெல்லாம் சொல்லும். இவர் குழியில் போட்டதைப் பார்த்துவிட்டு, கரண்ட் கம்பியில் அடிபட்டுச் செத்தது என்று நினைத்திருப்பார். டிரான்ஸ்பார்மர் வெடித்ததை அவரும்தான் கேட்டார்.

ரோட்டைத் தாண்டி, மாதா கோயில் மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலுக்கு வரும் முன்னேயே வறுத்த மிளகு வாசம் மூக்கில் ஏறியது. அடுப்பில் பெரிய சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன மதினி, கறியா?"

யாகப்பம்மாள் மதினி சட்டென்று மூடியைப் போட்டாள். "நண்டு, நாகு."

நண்டாம்! வீடு முழுக்கத் தேடினாலும் ஒரு நண்டு ஓடு இல்லை. ஜன்னல் திட்டில் வெயில் படுகிற இடத்தில் ஒரு பாட்டில் நிறைய மஞ்சளாக ஏதோ இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"தேங்காண்ணெய். உறைஞ்சுபோச்சு, அதான் வெயில்ல வச்சேன்."

இந்த ஊர் வெயிலில் தேங்காய் எண்ணெய் உறைகிறதாம். வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். உள்ளேயிருந்து இன்னாசி அண்ணன் வந்தார்.

"என்ன தங்கச்சி, இந்நேரத்துல?"

"இல்லண்ணே... நம்ம புல்லுக்குழிய நாய் தோண்டிருக்கு. பாத்தீகளான்னு கேக்க வந்தேன்."

"ஆமா, ரெண்டு நாய் சுத்துச்சு. நாந்தான் விரட்டுனேன்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நானும் தரையைத்தான் பார்த்தேன். அவருக்கு மயிலை அறுத்த பயம், எனக்கு மயிலைக் கொன்ற பயம். மருந்து என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரர் மாட்டிக்கொள்வார். மயில் என்று ஒத்துக்கொண்டால் இன்னாசி அண்ணன் மாட்டிக்கொள்வார். நண்டு என்று அவர்களே சொன்ன பிறகு நமக்கென்ன என்று நான் வெளியே வந்துவிட்டேன். உள்ளுக்குள் அப்பாடா என்றுகூட இருந்தது. என்ன ஜென்மமோ நான்.

வீட்டுக் கொல்லையைச் சுற்றித்தான் ரோட்டுக்குப் போகவேண்டும். அங்கே குப்பையில் குடல் கிடந்தது. அதன் பக்கத்தில் மதினியின் பூனை படுத்திருந்தது. வாயில் நுரை. நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அடங்கிவிட்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் ஒரே ஓட்டம். உள்ளே போய்ச் சட்டியைக் காலால் எத்திக் கவிழ்த்துவிட்டேன். குழம்பு தெறித்துக் கால் வெந்தது. அப்போது ஒன்றும் தெரியவில்லை.

"பைத்தியமாடி உனக்கு!" என்று மதினி கத்தினாள்.

"திங்காதீக! அது மருந்து தின்னு செத்த மயிலு! எங்க வீட்டுக்காரரு புல்லுக்குப் போட்ட குருணையைத் தின்னுருச்சு. உங்க பூனை செத்துக் கெடக்கு, போய்ப் பாருங்க!"

இன்னாசி அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க தின்னீகளா? சொல்லுங்க!"

"நாங்க இன்னும் கை வைக்கல. பிள்ளைக்குத்தான்..." மதினி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஐயோ மாதாவே, எம்பிள்ளைக்குக் கட்டிக் குடுத்துட்டேனே! போட்டுல எல்லாருக்கும் சேத்துக் கட்டிக் குடுத்தேனே!"

கிளாட்சன் அவர்களுக்கு ஒரே மகன். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். நான் நண்டுக் கதையைக் கேட்க வருவதற்கு முன்பே அவன் படகு கரையை விட்டிருக்கிறது. இன்னாசி அண்ணன் போனைப் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. திரும்பப் போட்டார். அதே பெண் அதே குரலில் சொன்னாள்.

"சங்கத்துல வயர்லெஸ் இருக்குல்லண்ணே!" என்றேன்.

மூன்று பேரும் கரைக்கு ஓடினோம். ஓடிக்கொண்டே நான் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "கறி கிளாட்சனுக்குப் போயிருச்சு. படகுல இருக்கான். கரைக்கு வாங்க" என்றேன். உடனே போனை வைத்துவிட்டார்.

படகுச் சங்கத்து ஷெட்டில் முஹைதீன் பாய் வயர்லெஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கரையில் வலை பிரிக்கிற ஆட்கள், மீன் எடுக்க வந்த வண்டிக்காரர்கள் என்று ஏகப்பட்ட கூட்டம். நாங்கள் ஓடிவந்த கோலத்தைப் பார்த்து எல்லோரும் ஷெட்டைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பாய் கூப்பிட்டதும் கிளாட்சன் படகிலிருந்து பதில் வந்தது. மைக்கை இன்னாசி அண்ணன் கையில் கொடுத்தார்.

"ஏலே கிளாட்சா, ஆத்தா குடுத்த கறியத் திங்காதீகலே."

"ஏம்ப்பா?" கரகரப்புக்கு நடுவில் அவன் குரல் கேட்டது. "இப்பத்தான் பிரிக்கப் போறோம். எல்லாம் பசியோட இருக்காங்க."

"கெட்டுப்போச்சுலே."

"இப்பத்தான வச்சுது ஆத்தா, அதுக்குள்ள எப்படிக் கெடும்? வாசம் தூக்குது இங்கன." அவன் சிரித்தான். பக்கத்தில் இன்னும் ரெண்டு பேர் சிரிக்கிற சத்தமும் கேட்டது. "உனக்குப் பங்கு இல்லைன்னு வயித்தெரிச்சலாப்பா?"

இன்னாசி அண்ணன் உதடு துடித்தது. அந்த வயர்லெஸில் பேசினால் கடலில் இருக்கும் அத்தனை படகுக்கும் கேட்கும். வாசலில் ஊரே நின்றது. சொல்லுங்கண்ணே என்று நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் மைக்கை என்னிடம் நீட்டினார். நான் வாங்கினேன். வாய்க்கு நேராகக் கொண்டுபோனேன். இவ்வளவு வாய் பேசுகிறவள், ஊரில் எவளும் என்னிடம் பேசி ஜெயித்ததில்லை, அந்த நேரம் ஒரு சொல் வரவில்லை. சொன்னால் என் புருஷனை நானே கொண்டுபோய் ஜெயிலில் தள்ளுகிற மாதிரி.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கை வந்து மைக்கைப் பிடுங்கியது. என் வீட்டுக்காரர். சட்டையெல்லாம் தவிடு. மூச்சு வாங்கியது.

"கிளாட்சா, நான் வேல்ராஜ் மாமா பேசுறேன். அது மயிலுக் கறி. கிளப்புல நான் போட்ட பூச்சி மருந்தைத் தின்னு செத்த மயிலு. யாரும் வாயில வைக்காதீக. கடல்ல கொட்டிருங்க. கேக்குதா? நான் போட்ட விஷம்."

வயர்லெஸில் இரைச்சல் மட்டும் வந்தது. முஹைதீன் பாய் மைக்கை வாங்கி, "கிளாட்சா, கேட்டுச்சா? பதில் சொல்லு" என்றார். இரைச்சல். வேறு ஏதோ படகிலிருந்து ஒருவன், "ஏய், பதில் சொல்லுங்கடா" என்று கத்தினான். மதினி மணலில் மண்டியிட்டுவிட்டாள்.

பிறகு அவன் குரல் வந்தது. சின்னப்பிள்ளைக் குரல் மாதிரி இருந்தது.

"மாமா, எல்லாத்தையும் கொட்டியாச்சு. மத்தவங்க யாரும் திங்கல. நான் மட்டும்... கிளம்பும்போது ஆத்தா ஈரல் ஊட்டுச்சு. அதைத் தின்னுட்டேன். இப்பக் கொஞ்சம் கண்ணு மங்குது."

"படகைத் திருப்புங்கடா!" என்று பாய் அலறினார்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் கரையில் நின்றோம். அந்த நேரம் போன விதத்தை என்னால் சொல்ல முடியாது. மதினி ஊட்டின தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். போடி என்று தள்ளுவாள் என்று நினைத்தேன். தள்ளவில்லை.

"முதல்ல வந்தப்பவே சொல்லியிருக்கலாம்ல நாகு" என்றாள்.

படகு அப்போதே போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது எனக்கு அப்போது தெரியாதே.

படகு வந்தது. கிளாட்சனை ரெண்டு பேர் தாங்கிக்கொண்டு இறக்கினார்கள். உடம்பெல்லாம் வியர்வை, வாயோரத்தில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் பெண் அவன் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "என்ன மருந்துன்னு தெரியுமா? பேரு தெரியணும்" என்றாள்.

என் வீட்டுக்காரர் சட்டைக்குள் கையை விட்டு அந்த மருந்துப் பையை எடுத்தார். எரித்துவிடச் சொன்னேனே, அதே பை. அவளிடம் கொடுத்தார். அவள் வாசித்துவிட்டு, "இதுக்கு மாத்து மருந்து இருக்கு. வண்டியிலயே ஆரம்பிச்சுரலாம்" என்றாள். பிறகு, "இது யாரோடது?" என்று கேட்டாள்.

"என்னோடது" என்றார்.

மதினியும் இன்னாசி அண்ணனும் ஏறினார்கள். இவரும் ஏறினார். நானும் வருகிறேன் என்று காலைத் தூக்கினேன்.

"நீ வேணாம். கிளப்புக்குப் போ. கரண்ட்டு வந்துருச்சு, மோட்டாரைப் போட்டுத் தண்ணியத் திறந்து விடு. மருந்து இன்னும் மேலதான் கெடக்கு. அடையிறதுக்கு முன்னாடி மத்த மயிலெல்லாம் மேய வரும்."

இந்த நேரத்திலும் புல்லா என்று திட்ட வாயெடுத்தேன். கதவு மூடிவிட்டது.

போய் மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் பாய்ந்து வந்தது. குழாயைப் பிடித்து ஒரு தரையை நனைத்துக்கொண்டிருந்தபோதே மறு தரையின் மதில்மேல் பெட்டை மயில்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. தவிட்டு வாசம் பிடித்துத்தான் வந்திருக்கும். ஒன்று கழுத்தை நீட்டியது. நான் குழாயைப் போட்டுவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அது பறந்து இந்தப் பக்கம் வந்தது. திரும்ப இந்தப் பக்கம் ஓடினேன். வெந்த கால் எரிந்தது.

அப்போது இடுப்பில் போன் அடித்தது. மதினி. எடுக்கவே பயமாக இருந்தது. அடித்து நின்று, திரும்ப அடித்தபோது எடுத்தேன்.

"பிழைச்சுக்குவான்னு டாக்டர் சொல்லிட்டாரு நாகு" என்று அழுதாள். அழுது முடிக்கவிட்டுக் காத்திருந்தேன். அவள் இன்னும் ஏதோ சொல்ல வருகிறாள் என்று தெரிந்தது.

"உன் வீட்டுக்காரரை பாரஸ்ட்டுக்காரங்க ஜீப்புல ஏத்திட்டாங்க. வயர்லெஸ்ல பேசினது அவுக ஆபீசுக்கும் கேட்டுருச்சாம்." மூக்கை உறிஞ்சினாள். "எங்க ஆளை யாரும் கூப்பிடல. அவராவே போய் ஏறிட்டாரு. அறுத்தது நாந்தான், எப்படித் தனியா அனுப்புறதுன்னு ஏறிட்டாரு."

மதிலிலிருந்து ஒரு மயில் தரையில் குதித்தது. போனைக் கீழே போட்டுவிட்டு, "போ, போ! செத்துத் தொலையாதீக, போங்க!" என்று கம்பை வீசிக்கொண்டு ஓடினேன். நன்றாக இருட்டி, அவை பனைமரத்துக்குப் போய் அடைகிறவரைக்கும் அழுதுகொண்டே விரட்டினேன்.